ஒரு சிரிப்பும் ஒரு பெயரடையும்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். போன வாரம் வந்த இருமல் வந்த வழியே போய்விட்டது. உன் முழங்கால் என்ன சொல்கிறது? மாடிப்படி ஏறாதே என்று நான் சொன்னால் கேட்கவா போகிறாய்?

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். பேனா பிடித்தால்தான் உனக்கு வாய் வரும். அதனால் கடிதம்.

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் வேண்டும். அன்சீம்லி. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொள்வேன். இது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மேலாளரைக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ஆபீஸ் பாஷை" என்றார். ஒன்றுமில்லாததை எதற்கு எழுதுகிறார்கள்? இங்கே இருக்கும் சின்ன அகராதியில் தகாத, முறையற்ற என்று போட்டிருக்கிறது. எவ்வளவு கெட்ட சொல் இது? தலைவலியா, காய்ச்சலா, ஆபரேஷனா?

அகராதி அச்சகத்தில் ஆயுள் முழுக்க மெய்ப்புப் பார்த்தவன் நீ. உனக்குத் தெரியாததா?

இப்படிக்கு,
உன் தங்கை வெண்கலம்

பி.கு.: இந்தக் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே. அனுப்புவாய், தெரியும். இன்னொன்று, அண்ணியின் அஸ்தியை வாங்கிவிட்டாயா?


மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்கால் காலையில் முரண்டு பிடிக்கிறது, பத்து மணிக்கு மேல் வழிக்கு வருகிறது. உன் இருமலை அலட்சியப்படுத்தாதே. அங்கே புகையும் தூசியும் அதிகம்.

நீ கேட்ட சொல்லைப் பற்றி இரண்டு நாள் பார்த்தேன். தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அது ஒரு பெயரடை. நடத்தையைக் குறிப்பது. இடத்துக்கும் நேரத்துக்கும் ஒவ்வாத நடத்தை. குற்றத்துக்கு இந்தச் சொல்லைப் போட மாட்டார்கள். திருட்டை யாரும் அன்சீம்லி என்று சொல்வதில்லை. ஒரு சொல்லின் குணம் தெரிய வேண்டுமானால் அதன் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். இது அவசரம், கூச்சல், முண்டியடித்தல், பங்காளிச் சண்டை இவற்றோடுதான் அதிகம் சுற்றுகிறது. சொத்துக்காரர் கண்ணை மூடியதும் மூடாததுமாகப் பெட்டிச் சாவியைத் தேடினால், அந்த அவசரம் அன்சீம்லி. "சீம்" என்றால் தோன்றுதல். ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு நன்றாகத் தோன்றாதது என்று கொள்ளலாம் என நினைக்கிறேன். உன் கணக்கில் சொன்னால் தலைவலிக்கு மேல், காய்ச்சலுக்குக் கீழ்.

எந்த இடத்தில் இந்தச் சொல் வந்தது என்று தெரிந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம்.

உன் கடிதத்தில் ஐந்து பிழைகள். இணைத்திருக்கிறேன்.

அப்பா கேலிக்கு வைத்த பெயரை இந்த வயதிலும் ஏன் போட்டுக்கொள்கிறாய்? உன் சிரிப்பு வெண்கலக் கடைக்குள் யானை புகுந்தது மாதிரி இருக்கிறது என்று சொன்னாரே ஒழிய, அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருத்தம் கிடைத்தது. ஐந்து அல்ல, நான்குதான் பிழை. ஐந்தாவது என் கையெழுத்து.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் தெம்பாக இருக்கிறேன். இருக்க வேண்டிய நேரம் இது.

நீ சுற்றி வளைத்துக் கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை என் மேல்தான் போட்டிருக்கிறார்கள்.

என் வேலை உனக்குத் தெரியும். இந்த மின்மயானத்தில் அஸ்தி ஜன்னல் என்னுடையது. கலயத்தைத் துடைத்து, வாய்க்குத் துணி கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டி, இரண்டு கையாலும் நீட்டுவேன். வாங்குகிறவரும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு வந்தால் கீழே வைக்கச் சொல்வேன். இது எழுதாத சட்டம், நான் போட்டது.

பிப்ரவரி கடைசியில் ஒருவர் வந்தார். பஸ் டிரைவர். கதவை அடைக்கிற உருவம். மனைவியின் கலயத்தை நீட்டினேன். வாங்கி, கனம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாங்க."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "கல்யாணமான நாள்லேருந்து கட்டில்ல எனக்கு ஒரு சாண் இடம் விட்டதில்லம்மா. காலை நீட்டினா சுவரு, திரும்பிப் படுத்தா தரை. இப்பப் பாருங்க, என் ரெண்டு கைக்குள்ள அடங்கிட்டா!"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார் அண்ணா. உதடு துடித்தது. அது எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவரும் சிரித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். போகும்போது, "நான் சிரிச்சு பத்து நாளாச்சும்மா" என்றார்.

எதிரே பெஞ்சில் இன்னொரு குடும்பம் இருந்ததை நான் பார்க்கவில்லை. அவர்கள் அம்மாவின் உடல் அப்போதுதான் உலைக்குள் போயிருந்தது. மகன் புகார் எழுதிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் காதில் என் சிரிப்பு எப்படி விழுந்திருக்கும்?

இப்போது விளக்கம் கேட்டிருக்கிறார்கள். திருப்தி இல்லையென்றால் விசாரணை. வேலை போனால் ஆபீஸுக்கு மேலே எனக்குக் கொடுத்திருக்கும் அறையும் போய்விடும். இந்த வயதில் எனக்கு வேறு ஜன்னல் யார் கொடுப்பார்கள்?

விளக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் உன் சிவப்புப் பேனா வேண்டும். தயவுசெய்து உடனே.

உன் வெண்கலம்

பி.கு.: பின்குறிப்பில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.


மார்ச் 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தைரியமாக இரு. இங்கே வெயில் ஏறுகிறது. மற்றபடி உடம்புக்குக் குறையில்லை.

முதலில் ஒரு திருத்தம். போன கடிதத்தில் நான் தவறாக எழுதிவிட்டேன். "சீம்" என்றால் தோன்றுதல்தான், ஆனால் அதன் வேர் ஐரோப்பாவின் வடக்கு நாட்டுப் பழைய மொழி ஒன்றில் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருத்தம் என்று பொருள். ஆகவே இந்தச் சொல் பார்ப்பவர் கண்ணைப் பற்றியது மட்டுமல்ல, இடத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பற்றியது. அவசரப்பட்டு எழுதியதற்கு வருந்துகிறேன்.

உன் விளக்கத்தைத் திருத்திச் சுத்தப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீளம் அதிகம் என்று பட்டது. டிரைவர் சொன்னதை எடுத்துவிட்டேன். கட்டில், சாண் இதெல்லாம் அலுவலகக் கடிதத்தில் வரலாமா? அதற்குப் பதிலாக "அவர் கூறிய ஒன்றைக் கேட்டுச் சிரித்தேன்" என்று போட்டுப் பார்த்தேன். "கூறிய ஒன்று" தெளிவில்லாமல் நின்றது. அதையும் எடுத்துவிட்டேன். இப்போது வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. கடைசியில் வருத்தம் தெரிவித்து ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பணிந்து போவதில் நட்டமில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணாவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ எழுதியதை அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. நீ பார்த்ததை நான் எதற்குப் பார்ப்பது? நேற்று மேலாளர் கூப்பிட்டார். உரக்கப் படித்தார்.

"'கலயத்தை ஒப்படைக்கும்போது நான் சிரித்தேன். அதற்காக வருந்துகிறேன்.' என்னம்மா இது? காரணமே இல்லாம சிரிச்சேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"காரணம் இருந்துச்சு சார்."

"எங்க இருந்துச்சு? அந்த டிரைவர் ஏதோ சொன்னாருன்னீங்களே, அது எங்க?"

"எங்க அண்ணன் எடுத்துட்டார் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் யார் கட்சிம்மா?"

பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கும் மனிதனைப் பார்த்து நான் பல்லை இளித்தேன் என்று ஆகிவிட்டது. தலைமை அலுவலகத்துக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஜூன் பதினெட்டு விசாரணை. "என் நடத்தை அன்சீம்லி" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் விசாரணை வேண்டாமாம். என்னை ஜன்னலிலிருந்து எடுத்துப் பின்கட்டில் கலயம் அடுக்கும் வேலைக்குப் போட்டுவிடுவார்கள். புகார் எழுதிய அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டும், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன். இடத்துக்குப் பொருந்துவது என்று எழுதினாயே, அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று யார் சொல்வது? இருபது வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பது யார்?

உறவில் ஒருவர் வந்து எனக்காகப் பேசலாம் என்கிறார்கள். எனக்கு இருப்பது நீ ஒருவன். வருவாயா?

தங்கை


மே 2

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அதைத் தவிர நலம்.

அந்த வரியை நான் எடுத்திருக்கக் கூடாது. திருத்துகிறவன் கண்ணுக்கு நீளமான வாக்கியம் எல்லாம் களையாகவே தெரிகிறது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வருவதைப் பற்றி யோசித்தேன். முழங்கால் ஒன்று. ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். நாலு பேர் நடுவில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அச்சகத்தில் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவிலேயே நன்றி என்று சொல்ல வாயெடுத்து உட்கார்ந்துவிட்டவன். நான் பேசி உன் வழக்கு இன்னும் கெட்டுப்போனால்? தவிர, தனியாகப் பயணம் கிளம்புவது விட்டுப்போயிற்று. உன் அண்ணி இருந்தவரை ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். "இன்னும் என்ன துழாவுறீங்க?" என்று அங்கிருந்தே அதட்டுவாள். அந்த அதட்டலில்தான் நான் கிளம்புவேன்.

எனக்குத் தோன்றுவது இது. அந்த டிரைவரையே கூப்பிட்டால் என்ன? அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கும் அல்லவா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


மே 9

அண்ணாவுக்கு,

முகவரி இருக்கிறது. கூப்பிட மாட்டேன். அவர் அந்த ஜன்னலில் ஒரு நிமிஷம் லேசாக இருந்தார். அதற்கு இன்னொரு தரம் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போ என்று கேட்பதா? அதுதான் அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அகராதி படித்தவளில்லை.

முழங்கால், மழை, மேடை. எல்லாம் சரி. பின்குறிப்பில் இரண்டு முறை கேட்டுவிட்டேன், இரண்டு முறையும் நீ அந்த வரியை மட்டும் தாண்டிப் போகிறாய். உன் கண் ஒரு புள்ளியைக்கூட விடாதே, இதை எப்படி விட்டது?

எங்கள் பின்கட்டில் ஒரு அலமாரி இருக்கிறது. யாரும் வந்து வாங்காத கலயங்கள் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பேன். வாங்க வராதவர்கள் எல்லாம் பாசம் இல்லாதவர்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. வாங்கிவிட்டால் முடிந்துவிடும் என்று சிலருக்குப் பயம். அண்ணியும் உன் ஊரில் அப்படி ஒரு அலமாரியில்தான் இருக்கிறாள். அவளை யார் துடைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மே 30

அண்ணாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. கோபமா, காய்ச்சலா? கோபம் என்றால் இருக்கட்டும். காய்ச்சல் என்றால் கீழ்வீட்டுக்காரரை விட்டாவது ஒரு வரி எழுதச் சொல். நீ வராவிட்டாலும் பரவாயில்லை. நான் சமாளித்துக்கொள்வேன். ஒரு கார்டு போதும்.

வெண்கலம்


ஜூன் 13

அன்புள்ள தங்கைக்கு,

காய்ச்சல் இல்லை. கோபமும் இல்லை. கவலைப்பட வைத்துவிட்டேன்.

புதன்கிழமை போய் வாங்கிவந்துவிட்டேன். வாசல் நாற்காலியில் வைத்திருக்கிறேன்.

பதினெட்டு காலை ரயிலில் வருகிறேன். சொல்லைப் பற்றி மூன்று பக்கம் எழுதி எடுத்து வருகிறேன். அதைப் படித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். உனக்கு அன்று ஆயிரம் வேலை இருக்கும்.

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கீழ்வீட்டுக்காரர் போனில் சொன்னார். நீயே சொல்லியிருக்கலாம். முழங்கால் பயணத்தைத் தாங்கியதா? குடையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். மழையில் நனைந்திருப்பாய்.

அன்று நடந்ததில் பாதி உனக்கு நினைவிருக்காது. உன் முகம் வெள்ளைத்தாளாக இருந்தது. முடிந்ததும் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் ரயிலுக்கு ஓடிவிட்டாய். அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

தலைமை அலுவலகத்து அம்மாள் நடுவில், மேலாளர் ஒரு பக்கம், உலை எஞ்சினியர் ஒரு பக்கம். மூலையில் தட்டச்சுப் பெண். நீ எழுந்து மூன்று தாளை எடுத்தாய். "அன்சீம்லி என்ற பெயரடை, வடக்கு நாட்டுப் பழைய மொழி ஒன்றில்..." என்று ஆரம்பித்தாய்.

அந்த அம்மாள், "சார், மன்னிக்கணும். அர்த்தம் எங்களுக்குத் தெரியும். உங்க தங்கச்சி ஏன் சிரிச்சாங்க? அது தெரிஞ்சா சொல்லுங்க" என்றாள்.

நீ அடுத்த தாளைத் திருப்பினாய். மின்விசிறி அதைத் தூக்கிக்கொண்டு போய் எஞ்சினியர் காலடியில் போட்டது. நீ அதைப் பார்த்தாய். எடுக்கப் போகவில்லை.

"அவ எழுதின விளக்கத்துல காரணம் இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீங்க?"

"இடத்துக்குப் பொருந்தலைன்னு நெனச்சேன். அந்த இடத்துக்கு அப்ப நான் போனதே இல்லை."

ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே சொன்னாய்.

"போன புதன்கிழமைதான் போனேன். என் மனைவி அஸ்தியை வாங்க. அவ போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஜன்னல்ல ஒரு தம்பி இருந்தார். ரொம்ப மரியாதையான தம்பி. குரலை உசத்தவே இல்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. நான் அவர்கிட்ட சொன்னேன், 'தம்பி, இவ உயிரோட இருந்தப்ப அஞ்சு நிமிஷம் காத்திருக்க மாட்டா. நான் ஒரு வருஷம் காக்க வெச்சுட்டேன். வாய் மட்டும் இருந்துச்சுன்னா இன்னிக்கு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா'ன்னு."

"அவர் என்ன சொன்னார்?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

நீ அந்தத் தம்பியின் குரலிலேயே சொன்னாய் அண்ணா. "'தாமதக் கட்டணம் எதுவும் இல்லை சார்'னு சொன்னார்."

முதலில் தட்டச்சுப் பெண். மூக்கில் ஒரு சத்தம் வந்தது, கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். அப்புறம் எஞ்சினியரின் தோள் குலுங்கியது. மேலாளர் மேற்கூரையில் எதையோ தேடினார். அந்த அம்மாள் தண்ணீர் குடிப்பதுபோல் டம்ளரைத் தூக்கி, புரை ஏறி, மேசையெல்லாம் தண்ணீர். நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். என் வழக்கு, என் வேலை, என் அறை, எல்லாம் ஞாபகம் இருந்தது. அப்படியும் வெடித்துவிட்டது. யானை புகுந்துவிட்டது. நான் எதற்காகக் குற்றவாளியாக நின்றேனோ அதையே அவர்கள் கண்ணெதிரில் மறுபடி செய்தேன்.

நீ மட்டும் சிரிக்கவில்லை. எல்லாம் அடங்கும் வரை நின்றாய். அப்புறம் சொன்னாய்.

"அந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. எல்லாம் முறைப்படிதான் செஞ்சார். ஆனா நான் கொண்டுபோன சிரிப்பை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். பஸ்ல உட்கார்ந்துக்கிட்டு அதை வெச்சு என்ன செய்யறதுன்னு தெரியல."

உட்கார்ந்துவிட்டாய். தட்டச்சுப் பெண் இயந்திரத்தின் மேல் கையை வைத்தபடி இருந்தாள், அடிக்கவில்லை. எஞ்சினியர்தான் உன் தாளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

நேற்று முடிவு வந்தது. ஆங்கிலத்தில்தான். இந்த முறை நானே படித்துப் புரிந்துகொண்டேன். அந்தச் சொல் கோப்பில் அப்படியே இருக்கிறது, எடுக்கவில்லை. ஆனால் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஜன்னல் என்னுடையது. காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சைக் கட்டடத்தின் அந்தப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. இருபது வருஷமாக அதை நான் யோசிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

புகார் எழுதிய பையன் போன வாரம் வந்தான். அம்மாவின் கலயம் அது வரை என் அலமாரியில்தான் இருந்தது. "அன்னிக்கு உங்க காதுல விழுந்திருக்கக் கூடாது தம்பி, மன்னிச்சிடுங்க" என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது வேண்டியிருப்பதில்லை.

அண்ணியை எப்போது கொண்டுவருகிறாய்? இந்த ஊர் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாள். நீதான் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனாய்.

உன் வெண்கலம்

பி.கு.: ஒரு சந்தேகம். அந்தச் சொல்லின் முன்னால் இருக்கும் "அன்" என்பதை எடுத்துவிட்டால் நல்ல சொல் ஆகிவிடுமா? அப்படி ஒரு சொல் இருக்கிறதா?


ஜூலை 19

அன்புள்ள வெண்கலத்துக்கு,

நனைந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் வட்டியும் முதலுமாக வசூலிக்கிறது.

நீ கேட்ட சொல் இருக்கிறது. சீம்லி. தகுந்தது, பொருத்தமானது. அகராதியில் உண்டு, ஆனால் புழக்கத்தில் அபூர்வம். அன்சீம்லி பத்து இடத்தில் வந்தால் இது ஒரு இடத்தில் வந்தால் அதிகம். தகாதது நடந்தால் உடனே ஒரு சொல் தேவைப்படுகிறது. தகுந்தது நடக்கும்போது யாரும் சொல்லைத் தேடுவதில்லை போலிருக்கிறது. இது என் ஊகம்தான். சரிபார்க்க வேண்டும்.

உன் கடிதத்தில் பதினோரு பிழைகள். இம்முறை கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அப்படியே வைத்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் அதை மறுபடி படித்தேன். டம்ளரும் தண்ணீரும் வரும் இடத்தில் எனக்கும் வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, "சார், உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். என்ன சத்தம் அது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் கேட்டிருக்க மாட்டார்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். பையை நேற்றே கட்டிவிட்டேன். ஆனாலும் ஏதோ மறந்துவிட்டது என்று வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். உன் அண்ணி எப்போதோ தயாராகி வாசல் நாற்காலியில் இருக்கிறாள். நான்தான் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்